எங்கள் குழாயில் எவ்வளவு ஃப்ளோரைடு என்று எங்களுக்குச் சொல்லுங்கள்

எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் பலர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் அதை நாணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீரில் மிகுந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற தாதுப்பொருளால் முன்பற்களில் படிந்திருக்கும் பழுப்புக் கறையை மறைப்பதற்காக அப்பிள்ளைகள் ஐந்தாறு வயதிலேயே பழகிக்கொண்ட பழக்கம் அது.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில், வீட்டிலும் தோப்பிலும் தமிழே பேசும் ஓர் ஊர். கேரளம் என்றாலே மழையும் ஆறும் நினைவுக்கு வருபவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினால் நம்பமாட்டார்கள். வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய பஞ்சாயத்துகள் மழை குறைந்த பகுதிகள். 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவில் கேரளத்துக்கு விடப்பட வேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப்புழை வழியாக வந்தாலும், ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் வாழ்க்கை நடப்பது போர் என்று நாங்கள் சொல்லும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில்தான். ஆண்டுக்கு ஆண்டு போர் ஆழமாகிறது. பாறைக்குள் நெடுங்காலம் தேங்கிக் கிடக்கும் நீர், அந்தப் பாறையில் உள்ள ஃப்ளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. எங்கள் சித்தூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பது புதிய செய்தியும் அன்று. ஆய்வாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். எழுதப்பட்டது எங்களிடம் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்திலிருந்து ஒரு குழுவினர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள்; வெயிலில் வீடு வீடாக நடந்தார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள், குழந்தைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள், மலையாளத்தில் அச்சடித்த படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என் பெரியம்மா, "ஏங்கண்ணு, எங்க தண்ணி நல்ல தண்ணியா, கெட்ட தண்ணியா?" என்று அவர்களில் ஒரு பெண்ணிடம் கேட்டார். "ரிசல்ட் வரும், பாட்டி" என்று அந்தப் பெண் பதில் சொன்னார். வரவில்லை. பெரியம்மாவுக்குக் கழுத்து திரும்பாது. பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் பார்ப்பார். வாதம் என்று சொல்லிப் பத்தாண்டுக்கும் மேலாக எண்ணெயும் ஊசியுமாகச் செலவு செய்தோம். அது எலும்பில் ஃப்ளோரைடு படிந்ததால் வந்த விறைப்பா, வயதின் தேய்மானமா என்று இன்றும் எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று எந்த மருத்துவரும் கேட்டதே இல்லை.

ஃப்ளோரைடு மிகுந்த நீரால் எலும்பில் வரும் இந்த நோயை இந்தியாவில் முதலில் விரிவாக எழுதியவர்கள் ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், ஆண்டு 1937, இடம் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டம். ஏர்மாடுகள் மூட்டு விறைத்து நடக்க முடியாமல் நிற்பதை அந்தப் பக்கத்து உழவர்கள் அதற்கு முன்பே கவனித்திருந்தார்கள் என்று இத்துறையினர் பதிவு செய்திருக்கிறார்கள். தன் மாட்டின் காலைப் பார்த்துத் தண்ணீரைச் சந்தேகிக்கத் தெரிந்தவர்களை, அதைக் கருவி கொண்டு அளக்க மட்டும் நாம் ஏன் இத்தனை காலம் கூப்பிடவில்லை என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஏற்றத்தாழ்வு என்று சொல்லும்போது மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பெரும்பாலும் பேசுகிறோம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரம் பிறப்புக்கு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இறப்பு இந்தியாவில் 28, கேரளத்தில் 6. மகிழ வேண்டிய எண் இது, நானும் மகிழ்கிறேன். ஆனால் அந்தப் பெருமைக்குரிய கேரளத்தில், எங்கள் மாவட்டத்திலேயே உள்ள அட்டப்பாடியில், 2013-இல் ஆதிவாசிக் குழந்தைகள் ஊட்டமில்லாமல் அடுத்தடுத்து இறந்தார்கள். ராகியும் சாமையும் விளைந்த நிலம் கைவிட்டுப் போனதும் தட்டிலிருந்த உணவு மாறிப்போனதும் அதற்குப் பின்னால் இருந்தன. சராசரி என்பது மலையையும் பள்ளத்தையும் சேர்த்து மட்டம் கட்டிவிடும். பள்ளத்தில் இருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை.

அதே பள்ளம் எங்கள் ஊருக்குள்ளும், ஒரே போர் தண்ணீர் தரும் இரண்டு வீடுகளுக்கு நடுவிலும் இருக்கிறது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள ஒரு போரை எடுத்துக்கொள்ளுங்கள். தோப்புக்காரர் நிழலில் இருந்து நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் அவர் உடம்பில் சேர்வது 4 மில்லிகிராம். அவருடைய தோப்பில் பாத்தி கட்டுகிற பெண், பாலக்காட்டுக் கணவாயின் அனல்காற்றில், மார்ச் மாதத்து வெயிலில், ஆறு லிட்டர் குடித்தால் 12. போர் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான், ஆனால் அளவு மூன்று மடங்கு. இதோடு முடிவதில்லை. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஃப்ளோரைடின் தாக்கம் கூடும். தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் காலையும் மாலையும் பால் கிடைக்கிறது, அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு வரக்காப்பிதான். பிறகு, கறை கண்ணில் பட்ட உடனே வசதியுள்ள வீட்டில் ஆர்.ஓ. என்ற நீர் சுத்திகரிப்புக் கருவியை மாட்டிவிடுகிறார்கள், அல்லது இருபது லிட்டர் கேன் வாங்குகிறார்கள். கூலி வீட்டில் கேன் வாங்குகிற காசு அரிசிக்குப் போய்விடும். இதில் யாரையும் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. 1971-இல் ஜூலியன் டூடர் ஹார்ட் என்ற வேல்ஸில் பணிபுரிந்த மருத்துவர், நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்பதை ஒரு விதியாகவே எழுதினார். எங்கள் போர்க்குழாயடியில் நின்று பார்த்தால் அந்த விதி தண்ணீருக்கும் பொருந்துகிறது.

அந்த மருத்துவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளின்கோர்க் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் அவர் நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊரில் உள்ள எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார், விட்டுப்போனவர்களைத் தேடிப் போனார், ஊராரை ஆய்வின் கூட்டாளிகளாகவே நடத்தினார். இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வயதுக்கு முந்திய சாவு பக்கத்து ஊரைவிட அங்கே குறைந்திருந்தது. ஆய்வும் தடுப்பும் மக்களும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று யாராவது கேட்டால் நான் கிளின்கோர்க்கைத்தான் சொல்வேன்.

தடுப்பைப் பற்றிய ஒரு செய்தியில் எனக்கு உண்மையான அச்சம் உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சுகாதாரத் துறையினர் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி மனத்தில் பதிய வைத்திருக்கிறார்கள். மஞ்சள் காமாலைக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது சரியான அறிவுரை. கேரளம் முழுவதும் சீரகத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக வற்ற வற்ற, மிஞ்சும் நீரில் அதன் அடர்த்தி கூடவே செய்யும். அரைப் பானையாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்தால் நல்லது என்று நம்பி அப்படியே செய்துவரும் தாய்மார்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். மேற்கே ஊற்றுக்கிணறு நிறைந்த ஊர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரை கிழக்கே வரும்போது திருத்தப்பட வேண்டும். திருத்தி எழுதுவதற்கு இந்த ஊர்த் தண்ணீரை அறிந்த ஒருவர் அறிவுரை எழுதுகிறவர்களோடு இருந்திருக்க வேண்டும்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. எங்கள் ஆஷா பணியாளர்கள் தமிழில்தான் பேசுகிறார்கள், அவர்கள் அன்புக்குக் குறைவே இல்லை. ஆனால் கையில் கொடுக்கும் தாளும் சுவரில் ஒட்டும் அறிவிப்பும் மலையாளத்தில் இருக்கும்போது, எழுதப்படிக்கத் தெரிந்த தமிழ்ப் பெண்ணும் எழுத்தறியாதவளாகிப் போகிறாள்.

வழி இல்லாமல் இல்லை. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பயிற்சி தர இடம் இருக்கிறது. அண்மையில் எங்கள் அயல்கூட்டம் என்ற மகளிர் குழுப் பெண்கள் ரேஷன் கடைத் திண்ணையில் அந்தச் சோதனைப் பெட்டியை விரித்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். சிறு குப்பியில் தண்ணீரை அளந்து ஊற்றி, சொட்டுமருந்துபோல் ஒரு கரைசலை விட்டார்கள். ஃப்ளோரைடு இல்லையென்றால் இளஞ்சிவப்பாகவே இருக்கும், கூடக்கூட மஞ்சளாகும். கோயில் பக்கத்துத் திறந்த கிணற்றுத் தண்ணீர் சிவப்பாக நின்றது. மேட்டுத்தெருப் போர்த் தண்ணீர் எங்கள் கண்ணெதிரே மஞ்சளானது. அந்தத் தெருவில் இருந்து குடத்தோடு வந்திருந்த ஓர் அக்கா சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப பல்லு விளக்காததுனால இல்லீங்களா?" என்று கேட்டார். தன் மகளைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது, பிள்ளை ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று அந்த மருத்துவர் கடிந்துகொண்டதை இத்தனை நாளும் இந்தத் தாய் தன் குற்றமாகவே சுமந்திருக்கிறார்.

ஏறத்தாழ எட்டு வயதுக்குள், பல் உருவாகும் காலத்தில் சேர்ந்த ஃப்ளோரைடுதான் அந்தக் கறையாகத் தெரிகிறது. வந்த கறையைத் தண்ணீரை மாற்றிப் போக்க முடியாது. இனி பிறக்கும் பிள்ளைக்கு வராமல் காக்க முடியும். வெறும் கறைதானே என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பல் கண்ணில் படுகிறது, அதே தண்ணீரைக் குடித்து வளரும் எலும்பு கண்ணில் படுவதில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடைப் படிய வைக்கும் நல்கொண்டா முறையை நாகபுரியில் உள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் எப்போதோ உருவாக்கிவிட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் குடிநீராகக் கொண்டுவந்த ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃப்ளோரைடு நோய்த் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. எங்களுக்கு அவ்வளவு பெரிய திட்டம்கூட வேண்டியதில்லை. திறந்த கிணறுகளைத் தூர்வாரி மழைநீரை இறக்குவதும், ஆற்றுக்குழாயைக் கடைசித் தெருவரை நீட்டுவதும், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் அந்தத் தண்ணீரை ஒதுக்குவதும் பஞ்சாயத்தின் கைக்கு எட்டிய வேலைகள். 1996-இல், உள்ளூர்த் திட்டங்களை மக்களே வகுக்கும் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மாநிலம் இது.

அடுத்த கிராமசபையில் நாங்கள் கேட்கப்போவது மூன்று செய்திகள்தாம். ஒவ்வொரு பொதுக்குழாயின் மீதும் அதன் ஃப்ளோரைடு அளவைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத வேண்டும், கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் அளந்து அந்த எண்ணை மாற்ற வேண்டும், எங்கள் ஊரில் ஆய்வு செய்ய வருகிற எவரும் முடிவை முதலில் எங்கள் சபையில் வந்து சொல்ல வேண்டும். மேட்டுத்தெருவில் இன்னும் ஆறு போர்கள் சோதிக்கப்படாமல் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ரேஷன் கடைத் திண்ணையில் பெண்கள் உட்காருவார்கள். கழுவிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவாருங்கள், எந்தப் போர் என்று மேலே எழுதி ஒட்டுங்கள். அன்று எங்கள் தெருவில் பாட்டிலோடு நடந்த பிள்ளைகளில் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், உங்களிடம் அந்த முடிவுகள் இருந்தால், தயவுசெய்து அனுப்பிவையுங்கள். பெரியம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.