சும்மா கிடக்கிற கடற்கரையும் அத்தானின் 14 தடியும்

அத்தான் விமானம் ஏறிவிட்டார். மெத்தைகளை வெயிலில் போட்டு, வான் வண்டியைக் கழுவி, இப்போதுதான் மூச்சு விடுகிறேன். இனி எழுதலாம். அக்கா வாசித்தால் வாசிக்கட்டும்.

எங்கள் வீடு முல்லைத்தீவில் இருந்து அளம்பில் போகிற பக்கம், கடலுக்கு இரண்டு வேலி தள்ளி. அத்தான் இங்கிலாந்தில், கென்ற் பக்கம். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஒவ்வொரு ஓகஸ்டும் குடும்பத்தோடு வருவார்கள். வரட்டும், அவர்களுக்கும் இது வீடுதான். மூன்று வருசத்துக்கு முன்வரை அத்தான் வந்தால் வீடே கலகலப்பாக இருக்கும். ஒடியல் கூழ் கேட்பார், நந்திக்கடல் இறால் கேட்பார், மத்தியானம் வேப்பமரத்துக்குக் கீழ் சாக்குக் கட்டிலில் குறட்டை விடுவார். பிறகு அவரைக் கோல்ஃப் பிடித்துவிட்டது.

பிடித்தது என்றால் சும்மா பிடிக்கவில்லை. வைரவர் ஏறின மாதிரி. இந்த முறை கட்டுநாயக்காவில் இறங்கும்போது உடுப்புப் பெட்டி ஒன்று, கோல்ஃப் பை ஒன்று. பையின் நீளம் என் தோள்வரை வரும். உள்ளே 14 தடி. அதற்கு மேல் ஒருவர் கொண்டுபோகக்கூடாது என்று அந்த விளையாட்டில் விதியாம். அந்த விதியை எழுதின புண்ணியவானை நான் கும்பிட வேண்டும். ஏனென்றால் அதைத் தூக்குவது அத்தான் இல்லை, நான்.

முதல் நாள் இரவே ஆரம்பம். "தம்பி, நாளைக்கு ஆறரைக்கு டீ டைம்" என்றார். அம்மா பாவம், விடிய ஐந்தரைக்கு எழும்பி மருமகனுக்குத் தேத்தண்ணி போட்டு மூடி வைத்துவிட்டார். டீ டைம் என்றால் முதல் பந்தை அடிக்கும் நேரமாம். அத்தான் தேத்தண்ணியும் குடிக்கவில்லை. சீனி போட்டிருக்கிறதாம்.

சரி, இங்கே எங்கே விளையாடுவது? வன்னியில் கோல்ஃப் மைதானம் எங்கே இருக்கிறது? அதற்குத்தான் அத்தானிடம் ஒரு விரிவுரை இருக்கிறது, வருசா வருசம் நடக்கும். கோல்ஃப் பிறந்ததே இப்படியான இடத்தில்தானாம். ஸ்கொட்லாந்தில் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் பயிர் விளையாத மணல் திட்டு இருக்கும், அதற்குப் பெயர் லிங்ஸ், காற்றடிக்கும், புல் கட்டையாக இருக்கும். "இங்கயும் மணல், இங்கயும் காத்து, இங்கயும் புல்லு. இவ்வளவு இடம் சும்மா கிடக்குது தம்பி. ஒருத்தனுக்கும் மூளை வேலை செய்யேல்லை" என்பார்.

அந்தச் 'சும்மா கிடக்குது' என்ற சொல்லை ஞாபகம் வைத்திருங்கள். என் வயிறு எரிகிற இடம் அதுதான்.

புல்லு என்று அத்தான் காட்டியது இராவணன் மீசை. கடற்கரையில் பந்து பந்தாக உருண்டு திரியுமே, காலில் குத்தினால் ஊசி போட்ட மாதிரி இருக்குமே, அது. மற்றப் பச்சை அடம்பன் கொடி. அங்கே குளிரும் தூறலும் செம்மறி ஆடும் சேர்ந்து அந்தப் புல்லைக் கட்டையாக வைத்திருந்ததாம். இங்கே ஓகஸ்டில் ஒரு துளி மழை இல்லை. வெயில் நாட்டில் கோல்ஃப் புல்லைப் பச்சையாக வைத்திருக்க நாள் தவறாமல் தண்ணீர் அடிக்க வேண்டும். முத்தையன்கட்டிலும் தண்ணிமுறிப்பிலும் இருக்கிற தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் சிறுபோகம் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தொண்டை கிழியச் சண்டை பிடிக்கிற ஊர் இது. அத்தானுக்குப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டும்.

அப்புறம் அந்தக் கடற்கரை சும்மா கிடக்கிறதா? ஒவ்வொரு துண்டும் ஒரு கரைவலைப் பாடு. இன்ன இடத்தில் இருந்து இன்ன இடம்வரை இன்ன சம்மாட்டியின் வலை என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களில் ஓகஸ்டும் ஒன்று, அப்போதுதான் வலை வளைப்பு மும்முரம். விடியக்காலையில் இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுப்பார்கள். வாடிக்கு முன்னால் கருவாடு காயும். வலை காயும். சனம் இல்லாத நேரத்தில் படம் எடுத்துப் பார்த்தால் வெறும் மணல்தான் தெரியும். அத்தானுக்குத் தெரிவதும் அந்தப் படம்தான்.

அவருக்கும் ஒரு கெட்டித்தனம் உண்டு. எங்கள் ஊரில் தொழில் செய்கிறவர்களில் பாதிப் பேர் வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள், வலை வளைக்க மாட்டார்கள். ஆகவே அத்தான் ஞாயிறைத் தேர்ந்தெடுத்தார். யாரையும் கேட்கவில்லை. ஒரு வெறும் பால்மாப் பேணியை மணலில் புதைத்து, பக்கத்தில் ஈர்க்கில் ஒன்றில் என் பழைய சாரத் துண்டைக் கட்டிக் கொடியாக நட்டார். குழி சரியாக நாலேகால் அங்குலம் இருக்க வேண்டுமாம், அடிமட்டம் வேறு கேட்டார். சின்ன வயசில் போளை அடிக்கக் குதிக்காலால் குழி தோண்டினோமே, அதற்கு ஒருவரும் அடிமட்டம் வைத்ததில்லை.

முதல் அடி. சோளகக் காற்று தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிற காலம். தெற்குப் பார்த்து அடித்த பந்து அப்படியே இடப்பக்கம் வளைந்து கடலுக்குள் போய் விழுந்தது. இரண்டாவதும் கடல். மூன்றாவது கருவாட்டுப் பாயில் விழுந்து நெத்தலியைச் சிதறடித்தது. பாய்க்குச் சொந்தக்கார அம்மா பந்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அத்தானை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் கேட்டார், "உனக்கு என்ன விசரா?" என்று. வெளிநாட்டுக்காரர் போய்விடுவார், நான்தானே இங்கே இருக்கப்போகிறேன்.

நாலாவது பந்தை ஒரு பொடியன் ஓடிவந்து கையை மூடிக்கொண்டு ரகசியமாகக் காட்டினான். ஆமை முட்டை என்று நினைத்துவிட்டான்! கோல்ஃப் பந்து 4.27 சென்ரிமீற்றர், ஆமை முட்டையும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், வெள்ளைதான். ஆமை முட்டை வைத்திருந்தால் சட்டம் பிடிக்கும் என்று அவனுக்கும் தெரியும், அதுதான் அந்த ரகசியம். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஐந்தாவது பந்து வீதிப் பக்கம் இருந்த பற்றைக்குள் போனது. அத்தான் விறுவிறு என்று உள்ளே நடக்க வெளிக்கிட்டார். என்னை அறியாமல் கத்திவிட்டேன். "போகாதேங்கோ!"

அந்த இடம் துப்புரவாக்கின இடம்தான். மண்டையோட்டுப் பலகை எல்லாம் எப்போதோ கழற்றியாயிற்று. மிதிவெடி எடுக்கிற ஹலோ ட்ரஸ்ட்டின் தலைமையகமும் ஸ்கொட்லாந்தில்தானாம், கோல்ஃப் பிறந்த அதே ஊர்க்காரர். அவர்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனால் 2009வரை இங்கே இருந்தவனின் கால் தெரியாத பற்றைக்குள் தானாகப் போகாது. அது புத்தி சொல்லி வருவதில்லை, கால் தானே நின்றுவிடும். அத்தான் என்னைப் பார்த்து, "என்னடா, ஒரு பந்து நாலு பவுண்" என்றார். தொலைந்த பந்தைத் தேட விதிப்படி 3 நிமிசம்தானாம், 2019க்கு முன்னம் 5 நிமிசமாம். அந்த விதியை மட்டும் அவர் எங்கள் ஊரில் கடைப்பிடிக்கவில்லை. நீளத் தடியால் பற்றையைக் கிளறி அரை மணித்தியாலம் தேடினார். நான் வெளியில் நின்று ஒவ்வொரு கிளறலுக்கும் கண்ணை மூடினேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அடுத்த கிழமை நடந்ததுதான் ஆறவில்லை.

"இது சரிவராது தம்பி, உண்மையான மைதானத்துக்குப் போவம்" என்றார். நாட்டின் இன்னொரு மூலையில், கடல் தெரியும் தூரத்தில் ஒரு மைதானம். பெயரும் ஊரும் வேண்டாம். உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, வெளியாட்கள் யாரும் வரலாம், எல்லாரையும் அன்போடு வரவேற்கிறோம் என்று போட்டிருந்தார்கள். அத்தான் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். இங்கிலாந்திலும் அப்படித்தானாம், கடற்கரை மைதானத்தில் முன்பின் தெரியாத ஆள்கூடப் போனில் நேரம் பதிந்து, காசைக் கட்டிவிட்டுப் போய் விளையாடலாமாம். எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். ஒரு தடியாவது அடித்துப் பார்க்கலாம் என்று.

விடிய மூன்று மணிக்கு வெளிக்கிட்டோம். வான் என்னுடையது, ஓடினதும் நான். வாசலில் காவலாளி பையைப் பார்த்ததும் அத்தானுக்குச் சலூட் அடித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொலர் இல்லாத ரீசேர்ட், ஜீன்ஸ், செருப்பு. "ட்ரைவர்?" என்று கேட்டார்.

நான் அத்தானைப் பார்த்தேன். 'இவர் என்ர மச்சான்' என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அத்தான் கையுறை மாட்டிக்கொண்டே சொன்னார், "தம்பி, நீ வானிலயே இரு. நாலு மணித்தியாலம்தான்."

நானும் தலையாட்டினேன். ஓம், ட்ரைவர்தான் என்று. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது. பையில் இருந்தவற்றில் ஆக நீளமான தடிக்கும் ட்ரைவர் என்றுதான் பெயர். அந்த ட்ரைவர் உள்ளே போனது. இந்த ட்ரைவர் வெளியே நின்றது.

நாலு மணித்தியாலம் இல்லை, ஐந்தரை. முன்னால் போன கூட்டம் ஆமை வேகமாம். வேலிக்கு வெளியே ஒரு மர நிழலில் நின்று பார்த்தேன். அந்தப் பச்சையைச் சொல்ல வேண்டும், நல்ல வடிவு, பொய் சொல்லக்கூடாது. தண்ணீர் விசிறிகள் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டே இருந்தன. அதற்கு அப்பால் கடல். எங்கள் வீட்டுக் கொல்லையில் தெரிகிற அதே கடல்தான். வெளியாள் என்றால் யார் என்று யோசித்தேன். பதினொரு மணித்தியாலம் பறந்து வந்தவர் விருந்தாளி. இதே நாட்டில், கடலோரமாகவே பிறந்து வளர்ந்தவன் மரத்துக்குக் கீழ்.

திரும்பி வரும் வழியில் அத்தான் சந்தோசமாக ஸ்கொட்லாந்தின் செயின்ட் அன்ட்ரூஸ் கதையை எடுத்தார். போன வருசம் போனாராம். கோல்ஃபுக்கே தாய்வீடு. அங்கே ஓல்ட் கோர்ஸ் என்ற மைதானம் பொது நிலம், தனியார் கழகத்துக்குச் சொந்தம் இல்லை. பெயர் கொடுத்தால் விளையாட்டுக்கு இரண்டு நாள் முன்னம் குலுக்கல். அவருக்கு இரண்டு தடவை விழவில்லை, மூன்றாம் தடவை விழுந்தது. 300 பவுணுக்கு மேல் கட்டி, தன் ஆட்டத்தரத்துக்கு அத்தாட்சி காட்டி விளையாடினாராம். "அவ்வளவு காத்திருந்தன் தம்பி!" என்றார் பெருமையாக.

நான் பேசவில்லை. வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். அந்த ஊர்ச் சனம் அந்த மணலில் விளையாடலாம் என்று 1552ஆம் ஆண்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கோல்ஃப் மட்டும் இல்லை, பந்து உதைக்கவும் உரிமை. அதைவிட ஒன்று: ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஓல்ட் கோர்ஸில் கோல்ஃப் இல்லை. பெரிய போட்டிகள் நடந்தால் ஒழிய, மைதானத்தை மூடிவிடுவார்கள். ஊர்ச் சனம் நாயோடும் பிள்ளைகளோடும் அதன்மேல் நடந்து திரியும்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டில் கேட்டுவிட்டேன். "அத்தான், கோல்ஃபின்ர தாய்வீட்டிலயே ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சனத்துக்கு. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்து எங்கட கரைவலைப் பாட்டில கொடி நட்டனீங்கள். அங்க மூண்டு தரம் பெயர் குடுத்துக் காத்திருந்தனீங்கள். இங்க சம்மாட்டியாரை ஒருக்காக் கேட்டனீங்களா?"

புட்டுக் கை நடுவில் நின்றது. அக்கா என்னை முறைத்தா. "அது வேற, இது வேற" என்றார் அத்தான். பிறகு கொழும்புக் கதைக்குத் தாவினார். 1879இல் கொழும்பில் கழகம் தொடங்கினபோது விளையாடினது காலிமுகத்திடலில்தானாம், ஆகவே இந்த நாட்டிலும் கோல்ஃப் கடற்கரையில்தான் தொடங்கியதாம். தொடங்கட்டும். 1896இல் அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விட்டார்களே, இப்போது அங்கே சனம் பட்டம் விட்டு இறால் வடை சாப்பிடுகிறது என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நாளும் நிம்மதி.

விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தார். முதுகில் தட்டினார். பையை மட்டும் கொண்டுபோகவில்லை. பாரக் கணக்கு இடிக்கிறதாம், "அடுத்த வருசம் வரேக்க திரும்பக் காவ ஏலாது, வீட்டில கவனமா வை, ஈரம் படக்கூடாது." நேற்று வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று: வாடைக்காற்றுக் காலத்தில் உப்புப் பிடிக்குமாம், கிழமைக்கு ஒருக்கா எல்லாத் தடியையும் துடைக்கட்டுமாம். அதோடு அடுத்த ஓகஸ்டுக்கு மூன்று பேணி எடுத்து வைக்கட்டுமாம்.

14 தடியையும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழ் தள்ளினேன். இன்றைக்குக் காலையில் அம்மா கேட்டார், "உதில ஆக நீளமானது எது மோனே?"

"ட்ரைவர் அம்மா."

கொக்கத்தடி போன மாதம் முறிந்துபோனது. ட்ரைவரின் நுனியில் கத்தியைக் கட்டிக் கொடுத்தேன். முருங்கைக்காய் நல்லாக எட்டுகிறது.