இதுல என்ன இருக்கு?

சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் ஊருக்கு வந்திருந்தான். லேப்டாப்பில் க்ளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ் என்று ஒரு சோதனையைக் காட்டினான். மனிதர்களின் பலத்தை 34 வகையாகப் பிரித்து, நம்மிடம் தூக்கலாக இருக்கும் 5-ஐ எடுத்துச் சொல்கிறது. "நீங்களும் போட்டுப் பாருங்க மாமா" என்றான். போடலாம். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லப் போவது நான்தானே? நம் பலம் நம் கண்ணுக்கு அவ்வளவு சுலபமாகத் தட்டுப்படுமா என்ன!

பத்தமடையில் பாய் நெய்கிற அக்கா ஒருவரைத் தெரியும். கோரையைக் கத்தியால் நீளவாக்கில் வகிர்வார். பட்டுப் பாய்க்கு நூல் மாதிரி வரவேண்டும். கண் என்மேல் இருக்கும், வாய் மகள் கல்யாணச் செலவைச் சொல்லிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்கு வகிர்ந்துகொண்டே போகும். நானும் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ஒரு சாண்கூடத் தாண்டவில்லை, கத்தி ஓரம் சாய்ந்து கோரை அறுந்துவிட்டது.

"எப்படிக்கா?"

"இதுல என்ன தம்பி இருக்கு? கோரைதானே."

நானும் பல வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஃபைனான்ஸில் வசூல் வேலை. கடன் வாங்கியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் கஷ்டத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்புவேன். ஆபீஸில் தினமும் அர்ச்சனை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் யாராவது நிற்பார்கள். "பட்டாவுக்கு ஒரு மனு எழுதித் தாயேன்." மாமனார் செத்ததில் தொடங்கி, பங்காளி சண்டைக்குப் போய், ஆடு மேய்ந்த கதை வரை சொல்வார்கள். அதற்குள்ளிருந்து சர்வே நம்பர், தேதி, இவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை உருவி அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். கூலி ஒரு டீ. அதை வேலை என்றே நான் நினைக்கவில்லை. வசூலில் என்னைக் கெடுத்ததும் இந்தக் காதுதான், மனுவில் சோறு போடுவதும் இதே காதுதான்.

இப்போது தாலுகா ஆபீஸ் பக்கம் மேஜை போட்டிருக்கிறேன். முதல் நாள் 50 ரூபாய் கேட்கவே நாக்கு எழவில்லை. கணக்கு வழக்கு இன்றைக்கும் எனக்கு வராது. அதை வீட்டம்மா பார்த்துக்கொள்கிறாள்.

சரி, அக்கா மகனிடம் கேட்டேன்: "சோதனை கிடக்கட்டும். ஆபீஸ்ல எதுக்குடே உன்னைத் தேடி வாராங்க?"

கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு டீமுக்குள்ள முட்டிக்கிட்டா என்னைத்தான் பேசச் சொல்லுவாங்க. ஆனா அதுல என்ன மாமா இருக்கு?"