இண்டிகோ முடங்கியது விமானிகளின் ஸ்ட்ரைக்காலா? இல்லை

"விமானிகள் ஸ்ட்ரைக் செய்ததால்தான் 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ரத்தாகின" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. அப்போது இண்டிகோ விமானிகள் வேலைநிறுத்தம் எதுவும் செய்யவில்லை.

நடந்தது வேறு. விமானிகளின் களைப்பைக் குறைக்க, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே புதிய பணிநேர விதிகளை அறிவித்துவிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுத் தரையிறக்க வரம்பு 6-லிருந்து 2 ஆகக் குறைந்தது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. தயாராக ஒன்றே முக்கால் ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தும், அதற்கேற்ற எண்ணிக்கையில் விமானிகள் இண்டிகோவின் பணி அட்டவணையில் இல்லை. டிசம்பர் 5 அன்று மட்டும் 1,000-க்கும் அதிகமான விமானங்கள் ரத்து! கணிப்பும் திட்டமிடலும் பிசகியதை நிறுவனமே டிஜிசிஏவிடம் ஒப்புக்கொண்டது.

நிறுவனத்தின் பெயர் கெட்டது உண்மைதான். அந்தப் பழியை, தூக்கம் கெட்டு விமானம் ஓட்டியவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். நிலைமையைச் சமாளிக்க, இரவுப் பணி விதிகளில் இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கும் கிடைத்தது. அந்தக் கூடுதல் இரவுச் சுமையும் விமானிகள் மீதுதான் விழுந்தது.