தம்பிக்குப் போடும் மருந்தும் மரபணு மாற்றமும்

போன வாரம் பெரியப்பா வந்திருந்தார். தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர், நடுத்தட்டில் மோர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருந்த தம்பியின் மருந்துப் பெட்டியை எடுத்துக் கண்ணாடி போட்டு வாசித்தார். "ரீகாம்பினன்ட்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன பாப்பா?"

"மனுஷ மரபணுவை எடுத்து வேறொரு செல்லுக்குள்ள வச்சுத் தயாரிச்சது பெரியப்பா" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பெட்டியை இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். "அது வேண்டாம்மா. ரத்தத்துல இருந்து எடுக்குற மருந்து இருக்குமே, அதையே கேட்டு வாங்கு. இயற்கையா வந்ததுதான் உடம்புக்கு ஒத்துக்கும்."

எங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார். நின்ற இடத்தில் என்னால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவரைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு ஹீமோஃபீலியா ஏ. ரத்தம் உறைவதற்கு வரிசையாக வேலை செய்யும் புரதங்களில் ஃபேக்டர் 8 என்ற ஒன்று அவன் உடம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கையில் கத்தி பட்டால் ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும் என்றுதான் எல்லோரும் கற்பனை செய்வார்கள். எங்கள் வீட்டில் பயம் அதற்கில்லை. அடியே படாமல் முட்டிக்குள் ரத்தம் கசியும். ராத்திரி இரண்டு மணிக்கு "அக்கா, முட்டி சூடா இருக்கு" என்று எழுப்புவான். விடிவதற்குள் தேங்காய் அளவுக்கு வீங்கியிருக்கும். இப்படிப் பத்துத் தடவை கசிந்தால் மூட்டே தேய்ந்துவிடும். இப்போது அவனுக்கு வயது 37. வலது கால் முழுதாக நீண்டு பல வருடமாகிறது.

நோய் இன்னதென்று தெரிந்ததே ஓர் ஊசியால்தான். ஒன்றரை வயதில் காய்ச்சலுக்கு ஒரு கிளினிக்கில் தொடையில் ஊசி போட்டார்கள். மறுநாள் தொடை முழுக்க நாவல்பழ நிறம். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று ஊர் அலைந்த பிறகுதான் ஒரு பெரிய டாக்டர் பெயரைச் சொன்னார்.

தொண்ணூறுகளில் எங்களுக்குக் கிடைத்த மருந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும், அதிலிருந்து பிரிக்கும் கிரையோவும். யாரோ தானம் செய்த ரத்தத்தில் பிரித்தெடுத்து, குளிரில் உறைய வைத்து, உருக்கி, பை பையாக ஏற்றுவார்கள். பெரியப்பா சொன்ன அதே இயற்கையான மருந்து. அதுதான் அவனைக் காப்பாற்றியது, அந்த முகம் தெரியாதவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் அதே பைகளில் ஏதோ ஒன்றில் ஹெபடைடிஸ் சி கிருமியும் வந்தது. அந்தக் கிருமியையே 1989-ல்தான் கண்டுபிடித்தார்கள். அவன் சிறுவனாக இருந்தபோது இங்கே தானம் வரும் ரத்தத்தில் அதற்குக் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பதினேழாவது வயதில் ஈரல் கெடத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பயத்தோடு இருந்துவிட்டு, புது மாத்திரைகள் வந்த பிறகு மூன்று மாதம் சாப்பிட்டுக் குணமானான்.

எங்களுக்கு வந்தது சின்னது. எண்பதுகளில் பணக்கார நாடுகளின் ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கு என்ன நடந்தது என்று படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து ஃபேக்டர் 8 தூளைத் தயாரித்தார்கள். சிறைக் கைதிகளிடம் விலைக்கு வாங்கிய பிளாஸ்மாவும் அதில் உண்டு. கலந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கு எச்ஐவி இருந்தால் போதும். அமெரிக்காவில் இருந்த ஹீமோஃபீலியா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எச்ஐவி தொற்றியது. பிரிட்டனில் ரத்தம், ரத்தப் பொருள்கள் வழியாக எச்ஐவி-யும் ஹெபடைடிஸ் சி-யும் தொற்றியவர்கள் 30,000 பேருக்கு மேல் என்று 2024 மே மாதம் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. அதில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம் என்றும் சொல்கிறது. செத்தவர்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டது அவர்களைப் பெற்ற தாய்மார்கள்.

அந்தத் துயரத்தின் நடுவில்தான் மரபணுப் பொறியியல் ஹீமோஃபீலியாவுக்கு வந்தது.

எப்படி என்று பெரியப்பாவுக்கே சொல்வது போலச் சொல்கிறேன். மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. அந்தக் குறிப்பு எழுதப்பட்ட எழுத்துமுறை மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒன்றுதான். எனவே மனிதக் குறிப்பைப் பாக்டீரியா படித்து அதே புரதத்தைச் செய்யும். டிஎன்ஏ-வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்ட ஒரு நொதி, ஒட்ட இன்னொரு நொதி, ஒட்டியதைச் செல்லுக்குள் கொண்டுபோகப் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம். 1973-ல் ஹெர்பர்ட் போயரும் ஸ்டான்லி கோஹனும் இதைச் செய்து காட்டினார்கள். ஐந்தே வருடத்தில், 1978-ல், ஈ.கோலை பாக்டீரியா மனித இன்சுலினைச் செய்தது. 1982-ல் அது மருந்தாக அனுமதி பெற்றது. அதற்கு முன்பு இன்சுலின் என்றால் பன்றி, மாட்டின் கணையத்தை அரைத்து எடுத்ததுதான். பெரியப்பா தினமும் காலையில் வயிற்றில் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இந்த வழியில் வந்ததுதான். அவருக்கு அதை யாரும் சொன்னதில்லை.

இன்சுலின் சின்னப் புரதம், 51 அமினோ அமிலம். ஃபேக்டர் 8-இல் 2,332. அதன் மரபணு மட்டும் 1,86,000 எழுத்து நீளம். புரதத்தைச் செய்து முடித்த பிறகு அதன்மேல் சர்க்கரை மூலக்கூறுகளையும் ஒட்ட வேண்டும், பாக்டீரியாவால் அது ஆகாது. 1984-ல் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் தனித்தனியாக அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, வெள்ளெலி போன்ற பாலூட்டிகளின் செல்களில் வைத்து வளர்த்தன. முதல் மருந்து 1992-ல் அனுமதி பெற்றது. எங்கள் ஃப்ரிட்ஜில் இருப்பது அதன் தம்பி தங்கைகளில் ஒன்று. விரல் நீளக் குப்பி, அடியில் வெள்ளைத் தூள். சுத்த நீரைச் சுவர் ஓரமாக இறக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெட்டுவிடும். தூள் கரைந்து தண்ணீர் தெளிந்ததும் பட்டர்ஃபிளை ஊசியில் அவனே நரம்பில் ஏற்றிக்கொள்கிறான். பத்து நிமிடம். முன்பு இதற்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடப்போம்.

என் பேச்சுக்கு எதிராகப் போகும் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வைரஸைக் கொல்லும் முறைகள் வந்த பிறகு, இன்று பிளாஸ்மாவில் எடுக்கும் ஃபேக்டரும் பாதுகாப்பானதுதான். அதோடு, சில நோயாளிகளின் உடம்பு மருந்தையே எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். இன்ஹிபிட்டர் என்பார்கள், வந்தால் மருந்து வேலை செய்யாது. 14 நாடுகளில் 251 குழந்தைகளிடம் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், பிளாஸ்மா மருந்து எடுத்தவர்களில் 26.8 சதவீதம் பேருக்கும் ரீகாம்பினன்ட் எடுத்தவர்களில் 44.5 சதவீதம் பேருக்கும் இன்ஹிபிட்டர் வந்தது. ஆகவே புதிதாக மருந்து தொடங்கும் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். நான் கேட்டுக்கொள்வது இதுதான்: எந்த மருந்தானாலும் அது இயற்கையில் வந்ததா ஆய்வகத்தில் வந்ததா என்று பார்த்து நிறுத்திவிடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது, எப்படிச் சுத்தம் செய்தார்கள், போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று கேளுங்கள்.

பெரியப்பாவின் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நம் ஊரில் மரபணு மாற்றம் என்றதும் பி.டி. கத்தரிதான் நினைவுக்கு வரும். நம்மாழ்வார் ஐயாவின் கூட்டங்களுக்கு அவர் சைக்கிளில் போனவர். 2010-ல் மத்திய அரசு பி.டி. கத்தரியை நிறுத்தி வைத்தபோது வீட்டில் பாயசம் வைத்தோம். விதை யாருக்குச் சொந்தம் என்ற அந்தக் கேள்வியில் நான் இன்றும் ஐயா பக்கம்தான். ஆனால் விதையைப் பற்றிய கோபத்தை அப்படியே தூக்கிவந்து ஒரு நோயாளியின் மருந்துக் குப்பிமேல் வைக்கக் கூடாது.

இனி வேலூர். இதைப் பற்றி நம் ஆட்கள் பேசாமல் இருப்பது எனக்கு ஆதங்கம். 2024 டிசம்பரில், உலகின் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்றான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில், வேலூர் சிஎம்சி மருத்துவமனை டாக்டர்களின் கட்டுரை வந்தது. டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ள ஐந்து பேர், வயது 22 முதல் 41 வரை. அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் ஃபேக்டர் 8 மரபணுவை உள்ளே ஏற்றி, கீமோ கொடுத்து எலும்பு மஜ்ஜையில் இடம் உண்டாக்கி, அவர்கள் உடம்புக்கே திருப்பிச் செலுத்தினார்கள். அதன் பிறகு, ஐந்து பேரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 81 மாதக் கண்காணிப்பில், ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை.

ஒருமுறைகூட இல்லை. அந்த வரியைப் படித்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு, "மறுபடி சொல்லு" என்றாள்.

மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோனது லென்டிவைரஸ் வாகனம். எச்ஐவி சேர்ந்த குடும்பம் அது. இப்படிப்பட்ட சிகிச்சைகளில் பயன்படும் வாகனங்கள் பெரும்பாலும் எச்ஐவி-யிலிருந்து, அது பெருகுவதற்கான பகுதிகளை நீக்கிவிட்டுச் செய்தவை. நாற்பது வருடம் முன்பு ஹீமோஃபீலியா பிள்ளைகளைக் கொன்ற கிருமி அது. அதன் பற்களைப் பிடுங்கி, செல்லுக்குள் நுழையும் திறமையை மட்டும் வைத்துக்கொண்டு, மருந்து சுமக்க வைத்திருக்கிறார்கள். எத்தனை முறை நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கை. கீமோ விளையாட்டில்லை, குழந்தை பெறும் திறனைப் பாதிக்கலாம். மரபணு சிகிச்சையின் வரலாற்றில் மரணமும் உண்டு. 1999-ல் பென்சில்வேனியாவில் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் சோதனைச் சிகிச்சையில் இறந்தான். பாரிஸில் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுத்த சிகிச்சையில், வைரஸ் போய் உட்கார்ந்த இடம் தவறாகி, சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. வாகனத்தை மாற்றி மாற்றிச் செய்ததற்கு அந்தப் பிள்ளைகள்தான் காரணம். 2018-ல் சீனாவில் ஹே ஜியான்குய் கருவிலேயே மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண் குழந்தைகளைப் பிறக்க வைத்தார். அதை என்னால் ஏற்க முடியாது. தம்பியிடம் டாக்டர் கேட்டு அவன் கையெழுத்துப் போடுவான். பிறக்காத குழந்தையிடம் யார் கேட்பது?

என் பெரிய கவலை விலை. ஹீமோஃபீலியா ஏ-வுக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி பெற்ற ரோக்டேவியன் மரபணு சிகிச்சைக்கு அப்போது வைத்த விலை 29 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் நம் காசில் சுமார் 24 கோடி. ஆனால் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மரபணு முறையில் இங்கேயே செய்து, இறக்குமதி ஊசியின் விலையைத் தரைக்கு இறக்கியது. வேலூர் ஆய்வுக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் கொடுத்தது. நம் வரிப்பணத்தில் பிறந்தது, நம் ஊர் அரசு மருத்துவமனை வரைக்கும் வர வேண்டும். இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

அம்மாவைப் பற்றி ஒன்று. முப்பது வருடமாக அப்பா வீட்டில் அவளை "உன் வம்சத்து வியாதி" என்று சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். தாய்மாமன்கள் மூன்று பேரும் நல்ல உடம்போடு இருந்தும் சொன்னார்கள். போன வருடம் மரபணுப் பரிசோதனை செய்தோம். இன்ட்ரான் 22 இன்வெர்ஷன் என்று வந்தது. ஃபேக்டர் 8 மரபணுவின் ஒரு பெரிய துண்டு, புத்தகத்தில் பாதிப் பக்கங்களைத் தலைகீழாகத் தைத்தது போலத் திரும்பிக் கிடக்கிறது. கடுமையான ஹீமோஃபீலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுதான். இந்தத் திருப்பம் புதிதாக உண்டாவது பெரும்பாலும் ஆணின் விந்தணுவில் என்று கண்டுபிடித்து முப்பது வருடம் ஆகிறது. அநேகமாக அம்மாவைப் பெற்ற தாத்தாவின் உடம்பில், அம்மா பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கிறது. யாருடைய குற்றமும் இல்லை. அம்மா ரிப்போர்ட்டை மடித்துப் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். பாஸ்புக்கும் அங்கேதான் இருக்கும்.

படிப்பவர்கள் வீட்டில் ஆண் குழந்தை தவழத் தொடங்கியதும் முட்டியிலும் நெஞ்சிலும் காரணமில்லாமல் நீலம் நீலமாகக் கன்றிப்போனால், பல் முளைக்கும்போதோ சுன்னத் செய்தபோதோ ரத்தம் நிற்காமல் போனால், கண் பட்டுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஏபிடிடி என்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள், விலை அதிகமில்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று தள்ளிவிடாதீர்கள், மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்கதையே இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகத் தருகிறார்கள். இன்னதென்று தெரியும் வரைக்கும், யாராவது அந்தக் குழந்தைக்குத் தொடையில் ஊசி போட வந்தால் கையைப் பிடித்து நிறுத்தி, விஷயத்தைச் சொல்லுங்கள்.