மலையாள எழுத்தில் நெகேமியா

போன மாதம் 26ஆம் தேதி, ஞாயிறு பூசையில் எங்கள் பங்குக் கோயிலில் முதல் வாசகம் வாசித்தவள் எட்டாம் வகுப்புப் பிள்ளை. விவிலியத்தின் நெகேமியா நூல், எட்டாம் அதிகாரம். வாசக நூலின் மேல் கோடு போட்ட தாள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தாள். தாளில் இருந்தது தமிழ். எழுத்து மட்டும் மலையாளம். முந்தின நாள் இரவு அவள் அம்மா சொல்லச் சொல்ல, தனக்குத் தெரிந்த எழுத்தில் அவளே எழுதிக்கொண்டது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், தப்பாப் படிச்சுட்டனுங்களா?"

தப்பாகப் படிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். அவள் வாசிக்கும்போதே பின் வரிசையில் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த வாரம் பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்தார். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை, இனி வாசகங்களை மலையாளத்திலேயே வைத்துக்கொள்ளலாம், பாட்டு மட்டும் தமிழில் இருக்கட்டும் என்றார். பலரும் தலையாட்டினார்கள். அன்று என்னால் கோர்வையாகப் பேச முடியவில்லை. மனதில் கிடந்ததை இங்கே எழுதுகிறேன்.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாடு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தையில் இரண்டும். 2013 டிசம்பரில் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தை உண்டாக்கினார்கள். தமிழ்ப் பூசையும் மலையாளப் பூசையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிற மறைமாவட்டம் இது. பிள்ளைகளை மலையாளப் பள்ளியில் சேர்த்த பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு இந்த மாநிலத்தில் வேலைக்குப் போக வேண்டிய பிள்ளைகள்.

எனக்கு ஆறாமல் இருப்பது அவள் வாசித்த பகுதி. அன்று இறைவார்த்தை ஞாயிறு. பொதுக்காலம் மூன்றாம் ஞாயிறை அப்படிக் கொண்டாட வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் அறிவித்தார். அன்றைய வாசகத்தில், பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள் எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு முன்னால் கூடுகிறார்கள். ஆண், பெண், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எல்லோரும். குரு எஸ்ரா மர மேடையில் ஏறித் திருச்சட்ட நூலைத் திறக்கிறார். மக்கள் எழுந்து நிற்கிறார்கள். விடியலில் தொடங்கி நண்பகல் வரை வாசிப்பு. அடுத்து வரும் எட்டாம் வசனத்தைப் பாருங்கள்: கோவில் பணியாளர்களான லேவியர் வாசித்தார்கள், பொருள் விளங்கும்படி எடுத்துச் சொன்னார்கள், மக்கள் புரிந்துகொண்டார்கள்.

எதற்காக எடுத்துச் சொல்ல வேண்டும்? வேற்று நாட்டில் வளர்ந்த தலைமுறை அது. நூலில் இருந்தது எபிரேயம்; பலர் வாயில் இருந்தது அரமேயம். அந்த வசனம் மொழிபெயர்த்துச் சொன்னதைத்தான் குறிக்கிறது என்று யூத மரபே விளக்கம் சொல்கிறது. எழுத்தும் பேச்சும் விலகிப்போன ஒரு கூட்டத்துக்கு நடுவில் நடந்த வாசிப்பு அது. யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததாக அங்கே எழுதவில்லை. கேட்டவர்கள் அழுதார்கள். அழாதீர்கள், போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று அவர்களைத் தேற்றி அனுப்பினார்கள்.

அதே நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. அங்கே, பிள்ளைகளில் பாதிப் பேர் அஸ்தோது மொழி பேசுகிறார்கள், யூத மொழி பேச வரவில்லை என்று கண்டதும் நெகேமியா கொதித்துப் போகிறார். தகப்பன்மாரைச் சபிக்கிறார், சிலரை அடிக்கிறார், மயிரைப் பிடித்து இழுக்கிறார். அயலாரோடு செய்த திருமணம் பற்றிய கோபம்தான் அதில் பெரிது, தெரியும். இருந்தாலும், மொழியை இழந்த பிள்ளைகள் முன்னால் இரண்டு வழி அந்த ஒரே நூலில் இருக்கிறது. அடிக்கிற வழி ஒன்று, பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்கிற வழி ஒன்று. ஞாயிறு பூசையில் வாசிக்கத் திருச்சபை எடுத்துக் கொடுத்தது எட்டாம் அதிகாரத்தை.

அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும். அம்மாவோடு சண்டை போடுவது தமிழில், தூக்கத்தில் உளறுவது தமிழில். தெரியாதது எழுத்து மட்டும். எழுத்து தெரியாததை மொழி தெரியாததாகக் கணக்கு வைத்து, காதில் விழுகிற தமிழையும் ஏன் எடுத்துவிட வேண்டும்? முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளையும் நினைக்க வேண்டும். அவர்களில் பலருக்கு எந்த எழுத்தும் தெரியாது. மலையாளத்தில் கடைக்காரரோடு பேசிவிடுவார்கள். இறைவாக்கினர் எசாயாவைக் கேட்டு மனதில் வாங்க அது போதாது.

என் அம்மாவும் அந்த வரிசையில் இருந்தவர்தான். சிறு வயதில் இலத்தீன் பூசை. சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், சனங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசையில் தமிழ் வந்தது. மூன்றாண்டுச் சுழற்சியில் புதிய வாசக நூல் வந்ததும் பழைய ஏற்பாடும் ஞாயிறுதோறும் காதில் விழத் தொடங்கியது. சாரிபாத்துக் கைம்பெண்ணின் கதையைக் கேட்டுவிட்டு வந்த ஒரு ஞாயிறு, அம்மா அடுப்படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது நினைவிருக்கிறது. "பானையில ஒரு கை மாவுதான் இருந்துச்சாம், கொஞ்சம் எண்ணெயாம். சுள்ளி பொறுக்கிட்டு இருந்தாளாம்." அம்மா வாயில் அந்தக் கைம்பெண் எங்கள் தெருக்காரி ஆகிவிட்டாள். ஒரு எழுத்துகூடத் தெரியாதவர் அம்மா.

எழுத்து மாறி வந்தால் தமிழ் கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1554இல் லிஸ்பன் நகரில் தமிழ் மறைக்கல்விச் சிறுநூல் ஒன்று அச்சானது. அதில் இருந்த தமிழ் முழுவதும் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது 1578இல். அதுவும் இன்றைய கேரளத்தில் இருக்கும் கொல்லத்தில். நடுவில் 24 ஆண்டுகள். நம் செபங்களே முதலில் வேறு எழுத்தை உடுத்தி வந்தவைதான். அந்தக் கொல்லத்து நூலைத் தமிழில் ஆக்கியவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. மலையாளத்தில் 'ற்ற' என்று எழுதினால் ஒலி வேறு. 'காற்று' என்பது 'காட்டு'க்குப் பக்கத்தில் போய் நிற்கும், 'ஒற்றுமை' வேறு என்னவோ ஆகும். பின் வரிசைச் சிரிப்புக்குக் காரணமும் அதுதான். ஆனால் ழகரம் இந்தப் பிள்ளைகள் வாயில் எத்தனை சுத்தமாக வருகிறது! 'வாழ்வு' என்று அவள் சொன்னதைக் கோயம்புத்தூரில் படிக்கும் என் அண்ணன் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள்.

நூலை விட்டுத் தாளைப் பார்த்து வாசிக்கலாமா என்ற கண்டனத்தை நான் ஏற்கிறேன். வாசக நூலுக்குப் பதிலாகத் துண்டுத் தாள்களைப் பயன்படுத்தக் கூடாது என்று திருச்சபை சொல்கிறது, நூலின் மாண்புக்காக. அதனால் பிள்ளை அந்தப் பெரிய நூலைத் திறந்து, அதிலிருந்தே வாசிக்கும் நாள் வர வேண்டும். அதுவரைக்கும் தாள் ஓர் ஊன்றுகோல். ஊன்றுகோலோடு நடப்பவரை யாரும் கோயில் வாசலில் நிறுத்துவதில்லையே. பெரியவர்கள் நம்மிலும் எத்தனை பேர் வாசகத்தை முந்தின நாளே ஒரு தடவை படித்துவிட்டு மேடை ஏறுகிறோம்? பூசை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது உபதேசியார் யார் கையிலாவது பக்கத்தைக் காட்டுவார், அவரும் போய் வாசித்துவிட்டு வருவார். மறைநூல் வாசிக்கப்படும்போது பேசுகிறவர் கிறிஸ்துவே என்று சங்கம் கற்பிக்கிறது. அந்த நம்பிக்கை இருந்தால், அம்மாவை உட்கார வைத்து இரவெல்லாம் எழுதிய பிள்ளை நம்மைவிட நன்றாகத்தான் தயாரித்திருக்கிறாள்.

வருகிற 9ஆம் தேதி முதல் வாசகம் எசாயா ஆறாம் அதிகாரம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசிக்கிறான். புதன்கிழமை சாயங்காலம் பயிற்சிக்கு வந்தான், அவன் தாளும் மலையாளம்தான். 'தூய்மையற்ற உதடுகள்' என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டான். அதே 'ற்ற'. நான் சொல்ல, அவன் சொல்ல, ஏழெட்டுத் தடவை. நாக்கு நுனியை எங்கே வைப்பது என்று விரலால் காட்டினேன். கடைசியில் வந்துவிட்டது. அப்புறம் நெருப்புத் துண்டு எசாயாவின் வாயைத் தொடுகிற இடம் வரை வாசித்துவிட்டு, "டீச்சர், அவருக்குச் சுட்டிருக்காதுங்களா?" என்று கேட்டான். முதல் தடவை வெறும் எழுத்தாக வாசித்தவன், அந்த நேரம் எசாயாவைப் பார்த்துவிட்டான்.

சாமியாரிடம் அனுமதி வாங்கியாயிற்று. இந்தச் சனிக்கிழமையிலிருந்து மாலை நாலரை மணிக்கு மறைக்கல்வி அறையில் தமிழ் எழுத்து வகுப்பு. அரை மணி நேரம் எழுத்து, அரை மணி நேரம் மறுநாள் வாசகம். இதுவரை ஆறு பிள்ளைகளும் இரண்டு அம்மாக்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் பழைய ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வைத்திருப்பவர்கள் ஞாயிறு பூசைக்கு வரும்போது கொண்டுவந்து கொடுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்கிறோம்.