கொடுத்த இரத்தம் விற்கப்படுவதில்லை
வன்னியில் இரத்ததான முகாம்களில் இலவசமாகக் கொடுக்கும் இரத்தத்தை அரச ஆஸ்பத்திரிகள் நோயாளிகளுக்கு விற்பதாக இங்கே சொல்லப்படுகிறது. அப்படியில்லை, உறவுகளே. அரச வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றக் கட்டணம் இல்லை. தனியார் வைத்தியசாலைக்கு அனுப்பும்போது மட்டும் பரிசோதனை, பதப்படுத்தல் செலவு அறவிடப்படும். குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

அந்தச் செலவு சும்மா வருவதல்ல. ஒவ்வொரு கொடையும் எச்.ஐ.வி., ஈரல் அழற்சி பி, சி, சிபிலிஸ், மலேரியாச் சோதனைகளைத் தாண்ட வேண்டும். பிறகு செங்குழியம் (சிவப்பணு), சிறுதட்டு (இரத்தம் உறைய உதவுவது), திரவவிழையம் (பிளாஸ்மா) எனப் பிரிப்பார்கள். செங்குழியத்தைக் குளிரில் சில வாரங்கள் வைக்கலாம். சிறுதட்டு 5 நாள்தான் தாங்கும். ஆகவே கொடையாளர் தொடர்ந்து வரவேண்டும். 2014 முதல் இலங்கையின் இரத்த வங்கிச் சேவை முழுக்கவே பணம் பெறாத கொடையாளர்களை நம்பித்தான் நடக்கிறது. அவர்கள் மனம் நோகும்படி பேசுவது பெரிய அநியாயம்.

சந்தேகமிருந்தால் கிளிநொச்சி அல்லது வவுனியா இரத்த வங்கியில் கடமையிலிருக்கும் வைத்தியரிடம் நேரே கேளுங்கள். தனியாரில் இரத்தம் ஏற்றியிருந்தால், பற்றுச்சீட்டில் அந்தத் தொகை எதற்கென்று விபரம் கேட்டுப் பாருங்கள்.