73 ரன் கணக்கு தப்பு

"73 ரன்தான் பாக்கி, 5 விக்கெட் கையில, ஜெயிக்க வேண்டிய மேட்ச்சை விஹாரி கட்டை போட்டே டிரா ஆக்கிட்டார்"னு மேலே ஒருத்தர் போட்டிருக்கார். 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவோட நாம ஆடின சிட்னி டெஸ்ட் பத்தின பேச்சு இது. ஸ்கோர்கார்டு மட்டும் பார்த்தா அப்படித்தான் தோணும்.

இலக்கு 407. பந்த் 118 பந்தில் 97 அடிச்ச வரைக்கும் நாம துரத்திட்டுதான் இருந்தோம். நம்ம ஸ்கோர் 250 இருக்கும்போது அவர் அவுட், புதுப் பந்தில் புஜாரா 272-ல் போல்டு. அப்போ இன்னும் 135 ரன் வேணும், 40 ஓவருக்கு மேல பாக்கி. ஓவருக்கு மூணுகூட இல்லை, சரிதான். ஆனா அடிக்க யார் இருந்தா? விஹாரிக்கு தொடைத் தசை பிடிச்சு ஓடவே முடியலை. அஷ்வினுக்கு முதுகு வலி. அடுத்து ஜடேஜா, கட்டை விரல் உடைஞ்ச நிலையில் பேடு கட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிறகு சைனி, பும்ரா, சிராஜ். அந்த "5 விக்கெட்" காகிதத்தில்தான்.

விஹாரி 161 பந்தில் 23, அஷ்வின் 128 பந்தில் 39, ரெண்டு பேரும் அவுட்டே ஆகலை. (விஹாரி கொடுத்த ஒரு கேட்சை ஆஸ்திரேலிய கேப்டனும் கீப்பருமான பெய்ன் விட்டார், அதையும் சொல்லணும்.)

பெய்ன் லேட்டா டிக்ளேர் பண்ணதால (அதாவது, அவங்க இன்னிங்ஸை தானா முடிச்சுக்கிட்டதால) தப்பிச்சோம்ங்கறதும் சரியில்லை. நாலாம் நாள் தேநீர் இடைவேளையிலேயே 312/6-ல் முடிச்சுட்டார். நாம ஆடினது 131 ஓவர்.

தொடர் அப்போ 1-1. பார்டர்-கவாஸ்கர் கோப்பை (இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கானது) ஏற்கெனவே நம்மகிட்ட இருந்ததால, தொடர் சமனானாலே போதும். தோத்திருந்தா பிரிஸ்பேனில் ஜெயிச்சே ஆகணும்.